கல்லூரி ஊரில் புதுச் சபை தொடங்குவது எப்படி?

கல்லூரியை நம்பி ஓடும் ஊரில் கிறிஸ்தவச் சபை தொடங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: உங்களிடம் வரும் மாணவர்கள் நான்கு வருடத்தில் போய்விடுவார்கள், கலைக் கல்லூரிப் பிள்ளைகள் என்றால் மூன்றே வருடம். கிடார் வாசிக்கும் தம்பி, ஞாயிறு பள்ளி எடுக்கும் தங்கை, மைக் செட் பார்க்கும் பையன், எல்லோரும் ஒரே மே மாதத்தில் பெட்டியைக் கட்டுவார்கள். கீழே சொல்வதெல்லாம் இதை மனதில் வைத்துத்தான். உதாரணத்துக்குச் சிதம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன், 1929இல் ஆரம்பித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஊரோடு ஒட்டியே இருப்பதால்.

படி 1: இருக்கிற சபைகளுக்குப் போய் உட்காருங்கள்

இடம் பார்ப்பதற்கு முன்பே இது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடி சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான், ஆகவே அந்தப் பக்கத்துக்கு நீங்கள்தான் சுவிசேஷத்தைக் கொண்டு வருகிறீர்கள் என்ற நினைப்போடு போய் இறங்காதீர்கள். லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று என்னென்ன இருக்கிறதோ ஒவ்வொன்றிலும் ஒரு ஞாயிறு கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாணவர்கள் வருகிறார்களா, வந்தால் ஆராதனை முடிந்ததும் யாராவது அவர்களிடம் பேசுகிறார்களா என்று பாருங்கள். போதகர்களைச் சந்தித்து உங்கள் திட்டத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். "ஐயா, உங்கள் ஆட்களை இழுக்க வரவில்லை" என்று வாயால் சொல்வது போதாது, அடுத்த ஆறு மாதம் உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

கல்லூரியில் இ.யூ. (இவாஞ்சலிக்கல் யூனியன்) இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 1954இல் தொடங்கிய யூ.இ.எஸ்.ஐ. இயக்கத்தின் மாணவர் ஐக்கியம் அது. இ.யூ. சபை அல்ல, ஞானஸ்நானமும் திருவிருந்தும் அங்கே நடக்காது, பிள்ளைகளை உள்ளூர்ச் சபைக்குத்தான் போகச் சொல்வார்கள். அதனால் அவர்களுடைய கூட்ட நாளில் நீங்கள் கூட்டம் வைக்காதீர்கள். இவ்வளவும் பார்த்த பிறகு, இருக்கிற சபை ஒன்றில் மாணவர் ஊழியத்துக்குக் கைகொடுத்தாலே போதும் என்று தோன்றினால், அதைச் செய்யுங்கள். புதுச் சபை வேண்டாம்.

படி 2: ஊரை விட்டுப் போகாதவர்களைத் தேடுங்கள்

மாணவர்களை வைத்து மட்டும் சபை நிற்காது. லேப் அசிஸ்டென்ட், வாடகை வீட்டில் இருக்கும் இளம் பேராசிரியர் குடும்பம், மருத்துவமனை நர்ஸ் அக்கா, ஜெராக்ஸ் கடைக்காரர் என்று ஊரிலேயே வேர் உள்ள நான்கைந்து குடும்பங்கள் முதலில் சேர வேண்டும். அவர்கள் வீட்டிலேயே வாரம் ஒரு ஜெபக்கூட்டம், கொஞ்சம் வேத பாடம், அப்புறம் சாப்பாடு என்று சில மாதங்கள் போகட்டும். சாப்பாட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள், விடுதிப் பிள்ளைக்கு ஒரு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தோசை சாப்பிடுவது பல பிரசங்கங்களைவிட நாள்பட நினைவில் நிற்கும்.

படி 3: இடமும் சத்தமும்

கூட்டம் சேர்ந்ததும் காலி மனை வாங்கக் கிளம்பாதீர்கள். தமிழ்நாட்டில் வழிபாட்டுக் கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும், வீட்டை நிரந்தர ஆராதனைக் கூடமாக மாற்றினாலும் இந்தக் கேள்வி வரும். தொடக்கத்துக்குச் சின்ன ஹால் ஒன்றை ஞாயிறு காலைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள், உரிமையாளரிடம் எதற்காக என்று மறைக்காமல் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிறுவனம், மருத்துவமனை, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. முப்பது பேர் உட்காரும் அறைக்கு டிரம்ஸும் இரண்டு பெரிய பாக்ஸும் எதற்கு? பக்கத்து வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம்.

படி 4: கல்லூரிக் காலண்டரைச் சுவரில் மாட்டுங்கள்

சபைக் காலண்டரை அப்படியே பின்பற்றினால் இங்கே எடுபடாது. கிறிஸ்துமஸ் அன்று மாணவர்கள் வீட்டில் இருப்பார்கள், ஈஸ்டருக்கும் கிடைக்கிற லீவைப் பார்த்து ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே கிறிஸ்துமஸ் ஆராதனையும் கேரல் ரவுண்ட்ஸும் டிசம்பர் முதல் வாரத்திலேயே முடிந்துவிட வேண்டும், அதுவும் செமஸ்டர் பரீட்சை அட்டவணையைப் பார்த்துவிட்டு. புதுப் பிள்ளைகள் வந்து சேரும் முதல் சில வாரங்கள் மிக முக்கியம். வீட்டு நினைவில் இருப்பார்கள், அப்போது யார் விசாரித்தார்களோ அங்கேயே தங்கிவிடுவார்கள்.

பெண்கள் விடுதிகள் பலவற்றில் மாலையிலேயே கேட்டைச் சாத்திவிடுவார்கள், எனவே ஞாயிறு மாலை ஆராதனை என்றால் பெண் பிள்ளைகள் இல்லாத சபைதான் நடத்துவீர்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடியுங்கள், ஞாயிறு மதியம் விடுதி மெஸ்ஸில் பிரியாணி போட்டால் உங்கள் பிரசங்கத்தின் மூன்றாவது பாயிண்ட் யார் காதிலும் ஏறாது. சிதம்பரம் மாதிரி ஊரில் இன்னொன்றும் உண்டு: ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் ஓடும் நாட்களில் ஊர் முழுக்கக் கூட்டம் இருக்கும். அந்த நாட்களில் தெருவில் துண்டுப் பிரசுரம் கொடுப்பது தைரியம் அல்ல, மரியாதைக் குறைவு.

படி 5: எது பொது, எது உங்கள் நம்பிக்கை

ஒரே பெஞ்சில் சின்ன வயதிலேயே ஞானஸ்நானம் எடுத்த சி.எஸ்.ஐ. பையனும், முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவருக்குத் திருவிருந்து கிடையாது என்று கேட்டு வளர்ந்த பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். முக்காடு, நகை, அந்நிய பாஷையில் ஜெபிப்பது என்று கேள்விகள் வரும். உங்கள் நிலைப்பாட்டை ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதிக் கொடுங்கள், குழப்பமாகப் பூசி மெழுகாதீர்கள். ஆனால் இன்னொரு சபையிலிருந்து வந்த மாணவனுக்கு, அவன் வீட்டுக்குத் தெரியாமல் அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்காதீர்கள். வேறு மதத்துப் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். முதல் வருட மாணவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருப்பார்கள் என்பதை மறக்கவே கூடாது. ஃபீஸ் கட்ட உதவி செய்தால், அதை ஆராதனைக்கு வருவதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

படி 6: பணம்

பாஸ்டரின் சொந்த ஜிபே நம்பருக்குக் காணிக்கை வருவதை முதல் நாளே தடை செய்யுங்கள். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய வேண்டும். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பிறகு பான் கார்டு, இருவர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு. இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணத்தில் கவனம்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய் அண்ணன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடவே கூடாது.

படி 7: அனுப்பி வைப்பது

இதை யாரும் திட்டமிடுவதில்லை. கடைசி வருடப் பிள்ளைகளுக்கு வேலை எந்த ஊரில் கிடைத்திருக்கிறது என்று கேட்டு, அங்கே ஒரு சபைப் போதகரிடம் பேசி, கையில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். அது உங்கள் சபைப் பிரிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் சொல்லுங்கள். இதையெல்லாம் மார்ச் மாதத்திலேயே செய்துவிடுங்கள், பரீட்சை தொடங்கிவிட்டால் ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள்.