செர்டோலி செல்லுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்ப்போமா? முதல்முறை செய்பவர்களுக்கு

செர்டோலி செல் என்பது விரையின் நுண்குழல்களுக்குள் இருந்து, விந்தணுவாக மாறப்போகும் விந்துமூலச் செல்களை ஊட்டி வளர்க்கும் செல். ஹார்மோன் கொடுத்தால் அது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. முதலில் இன்குபேட்டரை, அதாவது செல் வளர்க்கும் பெட்டியைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. விரை உடம்புக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான். அதனால் இந்தச் செல்லை 37-இல் வைப்பதில்லை. 32 டிகிரி செல்சியஸ், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. பங்குனி சித்திரையில் கொழிஞ்சாம்பாறை வெயிலுக்கு அறையே 35-ஐத் தாண்டிவிடும். அப்புறம் பெட்டி எப்படி 32-க்கு இறங்கும்? இரவும் பகலும் ஏசி ஓட வேண்டும். அதனால் நான் மார்கழியில்தான் ஆரம்பிப்பேன். அப்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும், தட்டில் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

செல் எடுப்பது: விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கட்டும். 18 முதல் 20 நாள் ஆன எலிக்குட்டியின் விரை வேண்டும். அந்த வயதில் செர்டோலி செல் பெருகுவதை ஏறக்குறைய நிறுத்தியிருக்கும். இரண்டு நொதிகள் வேண்டும்: டிரிப்சின் நுண்குழல்களைப் பிரிக்கும், கொலாஜினேஸ் அவற்றைச் சுற்றியுள்ள செல்களைக் கழற்றும். கூடவே டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் கொஞ்சம் விடுங்கள். விடாவிட்டால் உடைந்த செல்களின் டிஎன்ஏ எல்லாவற்றையும் சளிபோல ஒட்டவைத்துவிடும்.

தட்டில் ஒட்டிய இரண்டு மூன்று நாளில், உப்புச்செறிவு குறைந்த 20 மில்லிமோலார் டிரிஸ் கரைசலை (பிஎச் 7.4) இரண்டரை நிமிடம் ஊற்றி எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் விந்துமூலச் செல்கள் நீரைக் குடித்து வெடித்துவிடும், செர்டோலி தங்கும்.

ஹார்மோன்: சீரம் (ரத்தநீர்) சேர்க்காத மீடியத்தில், அதாவது செல் வளரும் ஊட்டக் கரைசலில், நான்கு குழிகள். ஒன்று வெறுமனே, ஒன்றில் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோனான எஃப்எஸ்எச் (மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம்), ஒன்றில் டெஸ்டோஸ்டிரோன் (100 நானோமோலார்), ஒன்றில் இரண்டும். டெஸ்டோஸ்டிரோனை எத்தனாலில் கரைப்போம். வெறும் குழிக்கும் அதே அளவு எத்தனால் போக வேண்டும். எஃப்எஸ்எச் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியில் உட்கார்ந்து, உள்ளே செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி-யைக் கூட்டும், அது புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியை எழுப்பும். ஆகவே ஐந்தாவது குழியில், ஏற்பியின் உதவி இல்லாமலே செல்லுக்குள் நுழையும் டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பி வையுங்கள். அது வேலை செய்து எஃப்எஸ்எச் செய்யாவிட்டால், முதலில் ஹார்மோன் குப்பியைச் சந்தேகப்படுங்கள். கோவையிலிருந்து பனிக்கட்டியோடு கிளம்பிய பார்சல் வாளையாரில் வெயில் காய்ந்திருக்கலாம்.

அளப்பது: 48 முதல் 72 மணி நேரம் கழித்து மீடியத்தை எடுத்து, எதிர்ப்பொருளால் புரதத்தைப் பிடித்து அளக்கும் எலைசா முறையில் டிரான்ஸ்ஃபெரினைப் பாருங்கள். ரத்தத்தில் உள்ளவை நேரே போய்ச் சேராதபடி மறிக்கும் ரத்த-விரைத் தடுப்புக்கு அப்பால் இருக்கும் விந்துமூலச் செல்களுக்கு இரும்பு கொண்டுபோகச் செர்டோலி தானே தயாரிக்கும் புரதம் இது.

இங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன். எல்லாக் குழியிலும் ஒரே அளவு, அதுவும் எக்கச்சக்கமாக. "சார், ஹார்மோன் இல்லாமலே இவ்வளவா?" என்று மாணவி கேட்டபோதுதான் மீடியம் புட்டியைத் திருப்பிப் படித்தேன். நாங்கள் சேர்த்த இன்சுலின் கலவையிலேயே டிரான்ஸ்ஃபெரின் இருந்தது. எங்கள் எதிர்ப்பொருள் அதையும் பிடித்திருக்கிறது. நாங்கள் ஊற்றியதை நாங்களே அளந்திருக்கிறோம்! போதாததற்கு, இன்சுலினே டிரான்ஸ்ஃபெரின் சுரப்பைக் கூட்டும். ஹார்மோன் கொடுப்பதற்கு முந்தைய நாளே இந்தக் கலவை இல்லாத மீடியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, வந்த எண்ணைக் குழியிலுள்ள டிஎன்ஏ அளவால் வகுத்துவிடுங்கள், குழிக்குக் குழி செல் எண்ணிக்கை மாறினாலும் ஒப்பிட முடியும். புரதம் புதிதாக உருவானதா, சேர்த்து வைத்தது வெளியே வந்ததா என்று யாராவது கேட்டால், இன்னொரு குழியில், புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு விட்டுக் காட்டுங்கள்.