ஜிப்சம் மூட்டையை இறக்கும் முன்: உப்பு ஏறிய வயலில் நடக்கும் தவறுகள்

வயலில் வெள்ளை பூத்துவிட்டதா, உடனே ஜிப்சம் போடு என்பார்கள். உவர் நிலத்துக்கு அது வீண் செலவு. அங்கே இருப்பது தண்ணீரில் கரையும் உப்பு. நல்ல நீரைத் தேக்கி வடித்தாலே இறங்கிவிடும். களர் நிலத்தின் கதை வேறு. களித்துகள்களில் சோடியம் ஒட்டியிருப்பதால் மண் நனைந்தால் குழம்பும், காய்ந்தால் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம்தான் அந்தச் சோடியத்தை வெளியேற்றும்.

எது எந்த நிலம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் உவர். கார அமில நிலை 8.5-க்கு மேலும், மாற்றுச் சோடியம் (களித்துகள்களில் ஒட்டிய சத்துகளில் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் களர். இதில் ஒரு பொறி உண்டு. அந்த 4 என்பது மண்ணைக் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கான அளவு. பல ஆய்வகங்கள் மண்ணில் நிறையத் தண்ணீர் சேர்த்து அளக்கின்றன. அந்த எண் குறைவாகத்தான் வரும். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உவரும் களரும் கலந்த நிலத்தில் வரிசை தப்பக் கூடாது. ஜிப்சம் போடாமல் அலசினால் உப்பு போகும், சோடியம் தங்கும்; மண் முன்பைவிட மோசமாக இறுகும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு வடிகால் வெட்டாமல் தண்ணீர் கட்டுவதுதான். அலசிய உப்பு வெளியேற வழி இல்லாவிட்டால் நிலத்தடி நீர்மட்டம்தான் உயரும். அது வேர்ப் பகுதியை நெருங்கிவிட்டால், வெயிலில் ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பும் கூடவே வரும். அலசிய வயலைக் கோடையில் வெறுமனே காயப் போட்டாலும் இதேதான். மேலே படிந்த உப்பைச் சுரண்டி வரப்போரம் கொட்டுவதும் வேண்டாம், ஒரு மழையில் திரும்பிவிடும்.

ஜிப்சத்தை ஆழ உழுது புதைக்கவும் வேண்டாம். மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை கலந்தால் போதும். அப்புறம் தண்ணீர் தேக்கி வடிக்க வேண்டும். இல்லையென்றால் வெளிவந்த சோடியம் அங்கேயே நிற்கும். ஜிப்சத்துக்குப் பதில் சுண்ணாம்பு போடுபவர்களும் உண்டு. காரம் மிகுந்த மண்ணில் அது கரையவே கரையாது.

நிலம் சற்றுத் தேறியதும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். யூரியாவை மேலாகத் தூவினால் களர் மண்ணில் பாதிச் சத்து அமோனியாவாகப் பறந்துவிடக்கூடும். பிரித்துப் பிரித்து, மண்ணுக்குள் போகும்படி இடுங்கள். துத்தநாகப் பற்றாக்குறையும் இங்கே சகஜம்.

பாசன நீரைச் சோதிக்காமல் இத்தனையும் செய்வதில் பயனில்லை. எஞ்சிய சோடியம் கார்பனேட் (நீரில் கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு) லிட்டருக்கு 2.5 மில்லிசமானத்தைத் தாண்டினால், அந்த நீரே வயலை மறுபடி களராக்கும். வேறு நீர் இல்லாதவர்கள் வாய்க்காலில் ஒரு தொட்டி கட்டி ஜிப்சக் கட்டிகளை நிரப்பி, அதன் வழியாக நீரைப் பாய்ச்சலாம்.