ஆக்சலாட்டல் தொட்டிக்கு ஒரு சின்ன ஃபேன்

ஆக்சலாட்டல், குளிர்ந்த தண்ணீரிலேயே வாழும், பல்லி போன்ற உருவமுள்ள ஒரு பிராணி. அதன் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்க, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, தொட்டியின் வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள். ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேல்பரப்பில் சாய்வாகக் காற்று படும்படி வையுங்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான்: ஆவியாகிப் போகும் நீர், மிச்சமிருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வலை கட்டாயம் வேண்டும், இது துள்ளி வெளியே விழக்கூடிய பிராணி.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிக் குறைந்ததோ, அந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை வழக்கமாகத் தண்ணீர் மாற்றுவதை இதைச் சாக்கிட்டு விட்டுவிடாதீர்கள்.

ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சுகம், 24-ஐத் தாண்டினால் ஆபத்து. ஏற்காட்டில் பெரும்பாலான மாதங்களுக்கு ஃபேனே போதும். சேலம் டவுனில் மார்கழி, தை வரை சமாளிக்கலாம். சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரியில் கொதிக்கும்போது ஃபேனை நம்ப வேண்டாம். சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குங்கள், அல்லது இந்தப் பிராணியே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். மழைக்காலத்திலும் காற்றில் ஈரம் கூடிவிடுவதால் ஃபேனின் பலன் குறையும். அப்புறம், ஐஸ் கட்டியை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். திடீரென்று சூடு ஏறி இறங்குவதை அது தாங்காது.