அம்மாவின் அறையில் கேமரா வைக்கும் முன்

முதியோரைப் பராமரிக்கும் நர்சிங் ஹோமில் இருக்கும் அம்மாவின் முழங்கையில் காயம். எப்படி ஆனது என்று அவருக்கு நினைவில்லை, நர்ஸுகளுக்கும் தெரியவில்லை. அன்று இரவே ஆன்லைனில் ஒரு கேமரா வாங்கிவிட்டேன். அவசரப்பட்டது தப்பு. வந்தது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ரகம். நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டப்படி கேமரா ஒரே பக்கம் பார்த்தபடி அசையாமல் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பினேன்.

இங்கே அந்தச் சட்டம் 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. டெக்சாஸில் 2001லேயே வந்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நான் சொல்வது இல்லினாய் நர்சிங் ஹோம் கணக்கு.

முதலில் ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அங்கே வசிப்பவர்தான், பிள்ளைகள் அல்ல. அவருக்குப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை என்று டாக்டர் முடிவு செய்தால் மட்டுமே சட்டப்படி அவருக்குப் பொறுப்பானவர் போடலாம். அப்போதும் என்ன கருவி, பதிவை யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையெல்லாம் விளக்கி, அவரிடம் கேட்டாக வேண்டும். சைகையால் மறுத்தாலும் மறுப்புதான். அம்மாவோ நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கூட இருந்த சமூகப் பணியாளர் பேனாவை மூடிவிட்டார்! அது ‘சரி’தான் என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. அப்புறம் அம்மா, “துணி மாத்தும்போது மட்டும் வேண்டாம்” என்றார். அப்படி நிபந்தனை போட படிவத்தில் இடம் உண்டு. எழுதினோம்.

அடுத்த கட்டிலில் இருப்பவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அம்மாவின் அறையில் கூட இருந்தவர் படம் சரி, ஆடியோ கூடாது என்றார். மைக்கை அணைத்துவிட்டோம். அவர் அடியோடு மறுத்திருந்தால், இருவரில் ஒருவரை வேறு அறைக்கு மாற்ற நிர்வாகம் முயல வேண்டும். தனி அறை கேட்டால் கூடுதல் வாடகை நம் தலையில்.

கேமராச் செலவும் நம்முடையதே. அறை வாசலில் கண்காணிப்பு நடக்கிறது என்று அறிவிப்பு ஒட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் கருவியில் யார் கை வைத்தாலும் குற்றம்.

பதிவு கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும், வெட்டி ஒட்டியிருக்கக் கூடாது. அதனால் கேமராவின் கடிகாரத்தை முதல் நாளே பாருங்கள். எங்களுடையது ஒரு வாரம் கலிபோர்னியா நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.