சுனில் சேத்ரியின் ஆட்ட வாழ்க்கையைப் பாடமாகப் படிப்பது எப்படி: இளம் ஃபார்வர்டுகளுக்கும் அவர்களைப் பழக்குவோருக்கும்

வடசென்னையில் மாலை நேரங்களில் சிறுவர்களுக்குக் கால்பந்து பழக்கிவருகிறேன். ஃபார்வர்டாக (கோல் அடிக்கும் முன்வரிசை வீரராக) ஆட விரும்பி வரும் பிள்ளைகளில் அநேகமாக எல்லோருமே, தமக்குப் பிடித்த வீரரின் கோல்களை மட்டும் வெட்டித் தொகுத்த காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் மைதானத்துக்கு வருகிறார்கள். அந்தக் காணொளிகளில் பந்து வலைக்குள் போகும் நொடி தெரியும். அதற்குப் பத்து நொடிகளுக்கு முன் அந்த வீரர் எங்கே நின்றார், எந்த டிஃபெண்டரின் (தடுப்பாட்டக்காரரின்) பார்வையிலிருந்து விலகினார், ஏன் ஓடாமல் காத்திருந்தார் என்பது தெரியாது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டின் காலில் பந்து இருக்கும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரம் முழுவதும் அவர் செய்வதுதான் உண்மையான பாடம். அந்தப் பாடத்தை எப்படிப் படிக்கலாம் என்று இந்தியாவுக்காக ஆடிய ஃபார்வர்டு சுனில் சேத்ரியை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன்.

சேத்ரியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அவருடைய உயரம் ஏறத்தாழ 170 சென்டிமீட்டர். நம் தெருவில் இருக்கும் எந்த இளைஞனுக்கும் எட்டக்கூடிய உயரம். அப்படியிருந்தும் தன்னைவிட உயரமான டிஃபெண்டர்களுக்கு நடுவே தலையால் முட்டி ஏராளமான கோல்களை அடித்தவர் அவர். தாவும் உயரத்தைக் காட்டிலும் பந்து வந்து விழும் இடத்துக்கு முந்திச் சேரும் நேரமே ஹெடரைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இந்திய மைதானங்களில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வேலை, ஒரு முழுத்தாளை எடுத்து அவருடைய ஆட்ட வாழ்க்கையை ஆண்டுவாரியாக எழுதுவது. 1984 ஆகஸ்ட் 3 அன்று செகந்திராபாத்தில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் பணியாற்றியவர். 2002இல் மோகன் பகான் அணியில் சேர்ந்தார். 2005இல் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்கு மாறினார், அதே ஆண்டு ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கான முதல் கோலை அடித்தார். 2008இல் ஏ.எஃப்.சி. (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில், டெல்லியில், தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் அடித்த ஹாட்ரிக் இந்தியாவை 2011 ஆசியக் கோப்பைக்கு அழைத்துச் சென்றது. இவ்வளவையும் எழுதுவது எளிது. இவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடங்களையும் அதே தாளில் சிவப்பு மையால் எழுத வேண்டும்; பிள்ளைகள் தவறவிடுவது இவற்றைத்தான்.

2009இல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியோடு பேச்சு முடிந்தும், ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் எழுபது நாடுகளுக்குள் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு பிரிட்டனில் வேலை அனுமதி கிடைக்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி அணிக்குப் போனார். லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்க வாய்ப்பு கிடைக்கவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணியில் சேர்ந்தபோது இரண்டாம் அணிக்காக ஒருசில ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். அங்கிருந்து திரும்பி வந்து, சர்ச்சில் பிரதர்ஸ் அணியோடு, அப்போது நாட்டின் முதன்மை லீக்காக இருந்த ஐ-லீக்கின் 2012-13 பட்டத்தை வென்றார். அதன் பிறகு 2013இல் புதிதாகத் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்து, அந்த அணியின் முதல் பருவத்திலேயே மீண்டும் பட்டம் வென்றார். முப்பது வயதை நெருங்கும்போதுதான் அவருடைய வாழ்க்கையின் செழிப்பான பகுதி தொடங்குகிறது என்பதைத் தாளில் பார்க்கும் பிள்ளைக்கு, பதினேழு வயதில் ஒரு தேர்வு முகாமில் பெயர் வராமல் போனது அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

பெற்றோருக்கும் இந்தத் தாளைக் காட்டுங்கள். சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை போன்ற அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையைக் கருதியே பல வீடுகளில் பிள்ளையைப் பந்தாட விடுகிறார்கள். அந்த எதிர்பார்ப்பில் தவறு காண நான் தயாராக இல்லை. எந்த ஃபார்வர்டின் வாழ்க்கையும் ஒரே நேர்கோட்டில் ஏறுவதில்லை என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீட்டில் மனக்கசப்பு குறையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, முழு ஆட்டங்கள் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். 2016 அக்டோபரில் பெங்களூருவில் மலேசியாவின் ஜோகூர் தாருல் தக்ஸிம் அணியை 3-1 என வென்ற ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதி, 2018 மார்ச் 17 அன்று நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியாட்டம், 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என வென்ற ஆசியக் கோப்பை ஆட்டம் ஆகிய மூன்றும் போதும். ஜோகூருக்கு எதிரான ஆட்டத்தில் தலையால் ஒரு கோலும் தொலைவிலிருந்து காலால் ஒரு கோலும் அடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நெருக்கத்தில் இடம் கிடைக்காதபோது ஃபார்வர்டு பின்வாங்கி இடம் தேடுவது புரியும்.

இரண்டாவது ஆட்டம் நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமானது, சென்னையின் எஃப்.சி. அணி பெங்களூருவிலேயே பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என வென்று இரண்டாம் முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்த நாள் அது. அதில் ஒன்பதாவது நிமிடத்தில் சக வீரர் உதாந்தா சிங் ஓரத்திலிருந்து அனுப்பிய கிராஸைச் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி முதல் கோலை அடித்தார். பிறகு சென்னையின் டிஃபெண்டர் மைல்சன் ஆல்வெஸ் கார்னர்களிலிருந்து (மூலை உதைகளிலிருந்து) தலையாலேயே இரண்டு கோல்களைத் திருப்பி அடித்தார். ஒரே ஆட்டத்தில் மூன்று ஹெடர்கள்: ஒன்று குள்ளமான ஃபார்வர்டு ஓடிவந்து பாய்ந்து அடித்தது, மற்ற இரண்டும் உயரமான டிஃபெண்டர் கார்னரை எதிர்கொண்டு அடித்தவை. இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடைக்காது.

ஒவ்வொரு கோலையும் மூன்று முறை பாருங்கள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, பந்தைப் பார்க்காமல் ஃபார்வர்டை மட்டும். மூன்றாம் முறை அவரைக் காக்க வேண்டிய டிஃபெண்டரை மட்டும். டிஃபெண்டர் எந்த நொடியில் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறாரோ, பெரும்பாலும் அந்த நொடியில்தான் நல்ல ஃபார்வர்டு கிளம்புவார். அந்த நொடியில் படத்தை நிறுத்தி, நோட்டில் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதியை வரைந்து, இருவரும் நின்ற இடங்களைப் புள்ளிகளாலும் ஓடிய பாதையை அம்புக்குறியாலும் குறிக்க வேண்டும். பத்துக் கோல்களை இப்படி வரைந்த பிள்ளை, நூறு காணொளிகள் பார்த்தவனைவிடக் கூடுதலாகக் கற்றிருப்பான்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். பெங்களூரு அணியில் மிக்கு போன்ற வெளிநாட்டு வீரர் நடுவில் ஆடிய பருவங்களில், சேத்ரி பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓடி ஆடினார். தனக்குப் பிடித்த இடம் கிடைக்காதபோதும் கோல் அடிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஐ.எஸ்.எல். அணிகள் நடு ஃபார்வர்டு இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துவரும் நிலையில், இந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கு மிக அவசியமானது என்று உறுதியாக நம்புகிறேன்.

தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும் என்பதால், பருவத்துக்கு ஒருமுறையாவது சென்னை நேரு ஸ்டேடியத்துக்குப் போக வேண்டும். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் சீன தைபே அணியை 5-0 என வென்றபோது சேத்ரி ஹாட்ரிக் அடித்தார்; பார்க்க வந்தவர்கள் சுமார் 2,500 பேர். மைதானத்துக்கு வாருங்கள் என்று அவர் மறுநாள் காணொளியில் வேண்டினார். கென்யாவுடனான அடுத்த ஆட்டத்தில், அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டத்தில், அரங்கம் நிறைந்தது. அந்த வேண்டுகோள் நமக்கும் பொருந்தும். நேரு ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை இருப்பதால் கீழ்வரிசையிலிருந்து ஆட்டத்தின் வடிவம் தெரியாது. மேலடுக்கில், கோல் போஸ்ட்டுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, இருபது நிமிடம் ஒரே ஒரு ஃபார்வர்டை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண்ணைத் திருப்பக் கூடாது. முதலில் மிகக் கடினமாக இருக்கும்.

பார்த்ததை மண்ணில் செய்து பார்க்காவிட்டால் பயனில்லை. வலது ஓரத்தில் ஒருவர் பத்துப் பந்துகளோடு நிற்கட்டும். பெனால்டி பகுதிக்குள் இரண்டு டிஃபெண்டர்கள். ஃபார்வர்டு தொலைவிலுள்ள டிஃபெண்டரின் முதுகுப்பக்கம் நின்று தொடங்க வேண்டும். கிராஸ் அனுப்புபவர் தலைநிமிர்ந்து பார்க்கும்வரை அவன் அசையக் கூடாது. பார்த்ததும் டிஃபெண்டருக்கு முன்னால் வெட்டி ஓட வேண்டும். கோல்களை எண்ணாதீர்கள், டிஃபெண்டருக்கு முன் பந்தைத் தொட்டது எத்தனை முறை என்பதை மட்டும் எண்ணுங்கள். காய்ந்த செம்மண் தரையில் பந்து எழும்பும் விதம் புல்தரையில் இருப்பதைப் போல் இராது என்பதால், தரையோடு வரும் கிராஸ்களைத் தனியாகப் பழக்குவது நல்லது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஹெடர் பயிற்சி வேண்டவே வேண்டாம். அவர்கள் இதே ஓட்டத்தை ஓடிக் காலால் முடிக்கட்டும்.

பயிற்சி முடிந்ததும் நோட்டை மறுபடி எடுக்கச் சொல்கிறேன். 2018 இறுதியாட்டத்து ஹெடரின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் வரைய வேண்டும்: 2024 ஜூனில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விடைபெற்ற சேத்ரி, நாற்பது வயதில் திரும்பி வந்து, 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுகளுக்கு எதிராகத் தலையால் அடித்த 95ஆவது சர்வதேச கோல். இரண்டு ஓட்டங்களையும் வரைந்த பிறகு, அன்று மாலை தான் ஓடிய ஓட்டத்தை மூன்றாவதாக அதே பக்கத்தில் பிள்ளை வரைய வேண்டும்.