இளம் மிட்ஃபீல்டரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: சாண்ட்ரோ டொனாலியின் தொடக்க ஆண்டுகள்

ஸ்ட்ரைக்கர் என்றால் கோல் கணக்கு இருக்கிறது. கோல்கீப்பர் என்றால் தடுத்த பந்துகள் இருக்கின்றன. நடுக்களத்தில் ஆடும் பையனை அளக்க அப்படி ஓர் எளிய அளவுகோல் கிடையாது. இருந்தும், இருபது வயது நிரம்புவதற்குள் அவனைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இத்தாலியின் சாண்ட்ரோ டொனாலியைப் பற்றி 17 வயது முதல் 22 வயது வரை எழுதப்பட்டவற்றைத் திரும்பிப் பார்த்தால், செய்யக்கூடாத தவறுகளில் பெரும்பாலானவை அங்கேயே கிடைக்கும்.

முதல் தவறு, இன்னொருவரின் பெயரைத் தூக்கி அவன் தலையில் வைப்பது. டொனாலி 2000ஆம் ஆண்டு மே 8 அன்று லோடி நகரில் பிறந்தவர். சிறுவனாகப் பியாசென்சா கிளப்பில் பயின்றார். 2012இல் அந்தக் கிளப் திவாலானதும் பிரேஷாவுக்குப் போனார். 2017 ஆகஸ்டில், 17 வயதில், இரண்டாம் நிலை லீகான சீரி பியில் களம் இறங்கினார். நீண்ட கூந்தல், பதற்றமில்லாமல் பந்தை வைத்திருக்கும் கால், பாதுகாப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிற்கும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேஷா சட்டை. பின்னால் நின்று நீண்ட பாஸ்களால் ஆட்டத்தை நடத்திய புகழ்பெற்ற இத்தாலிய மிட்ஃபீல்டர் ஆண்ட்ரியா பிர்லோ உருவான கிளப் அது. போதாதா? 'புதிய பிர்லோ' என்ற பட்டம் உடனே ஒட்டிக்கொண்டது.

டொனாலி இதை மறுத்துக்கொண்டே இருந்தார். சிறு வயதிலிருந்து தனக்குப் பிடித்தவர், மோதிப் பந்தைப் பறிப்பதில் பெயர்பெற்ற ஏசி மிலான் மிட்ஃபீல்டர் ஜென்னாரோ கட்டூசோ என்றார். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எதிராளியின் காலடியில் விழுந்து பந்தைப் பறிப்பது, இழந்த பந்தைத் துரத்தி நாற்பது மீட்டர் ஓடுவது, உடனே எழுந்து அடுத்த மோதலுக்குத் தயாராவது: இவை பிர்லோவின் வேலைகளே அல்ல. கூந்தலைப் பார்த்தவர்கள் கால்களைப் பார்க்கவில்லை.

இதில் என்னை அதிகம் வருத்துவது, ஒப்பிட்டவர்கள் பிர்லோவின் தொடக்கத்தையே மறந்துவிட்டது. 1995இல் 16 வயதில் பிரேஷாவுக்காக ஆடத் தொடங்கிய பிர்லோ, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று தாக்குதலை அமைக்கும் வீரராகத்தான் வளர்ந்தார். 1998இல் இன்டர் மிலான் அவரை வாங்கியது. அங்கே அவருக்கு நிலையான இடமே கிடைக்கவில்லை. ரெஜினா கிளப்பில் தற்காலிகமாக ஆடக் கடனாக அனுப்பினார்கள். 2001 ஜனவரியில் மீண்டும் பிரேஷாவுக்குக் கடனாக அனுப்பினார்கள். அப்போது பிரேஷாவில் அந்தத் தாக்குதல் இடத்தில் இத்தாலியின் நட்சத்திர வீரர் ரொபெர்ட்டோ பாஜியோ இருந்தார். ஆகவே பயிற்சியாளர் கார்லோ மசோனே பிர்லோவைப் பின்னால் இழுத்து, பாதுகாப்பு வரிசைக்கு முன்னே நிறுத்தினார்.

2001 ஏப்ரல் 1, தூரின் நகரம், யுவென்டஸுக்கு எதிரான ஆட்டம். பிரேஷா 0-1 எனப் பின்தங்கியிருந்தது. முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. நடுக்களத்திலிருந்து பிர்லோ நிமிர்ந்து பார்த்து, பாதுகாப்பு வரிசையின் தலைக்கு மேலே ஒரு நீண்ட பந்தைத் தூக்கிப் போட்டார். ஓடிக்கொண்டே அதைக் காலில் வாங்கிய பாஜியோ, அந்த ஒரே தொடுதலில் கோல்கீப்பர் வான் டெர் சாரையும் கடந்து வலைக்குள் தள்ளினார். எல்லோரும் பாஜியோவின் தொடுதலைப் பேசினார்கள், பேசத் தகுந்ததுதான். ஆனால் அந்தப் பந்து எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தவர்களுக்கு ஒரு புது பிர்லோ தெரிந்திருப்பார். அதே ஆண்டில் இன்டர் அவரை ஏசி மிலானுக்கு விற்றுவிட்டது. மிலானில் பயிற்சியாளர் கார்லோ அஞ்செலோட்டி அவரை அதே ஆழமான இடத்தில் நிறுத்தி ஆட வைத்தார். பிற்பாடு உலகக் கோப்பை வரை போனது அந்த பிர்லோதான்.

இதிலிருந்தே இரண்டாவது தவறும் புரியும்: ஒரு பையன் 18 வயதில் ஆடும் இடமே அவன் இடம் என்று முடிவுகட்டுவது. மார்கோ வெராட்டியும் தாக்குதல் வீரராகத்தான் பெஸ்காராவில் வளர்ந்தார். பயிற்சியாளர் ஸ்டெனெக் ஜெமான் அவரைப் பின்னுக்கு நகர்த்தினார். 2012இல் பெஸ்காரா சீரி பியை வென்றது. அந்தக் கோடையிலேயே வெராட்டி பாரிஸ் சென்ஷெர்மனுக்குப் போய்விட்டார், முதல் நிலை லீகான சீரி ஏயில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடாமல். எந்தப் பயிற்சியாளர், எந்த ஆண்டில், எங்கே நிறுத்தினார் என்று கேட்காமல் இளம் மிட்ஃபீல்டரைப் பற்றிப் பேசுவது வீண்.

கடனாக அனுப்பப்பட்டாலே தோல்வி என்று நினைப்பதும் தவறுதான். நிக்கோலோ பாரெல்லாவைக் காலியாரி 2016 ஜனவரியில் சீரி பியில் இருந்த கோமோவுக்குக் கடனாக அனுப்பியது. கோமோ அந்தப் பருவத்தில் மூன்றாம் நிலைக்கே தரமிறங்கியது. ஆனால் பையனுக்கு வாராவாரம் ஆட்டம் கிடைத்தது. ஐந்தே ஆண்டுகளில் அவர் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இத்தாலி அணியின் நடுக்களத்தில் நின்றார்.

ஒரே ஒரு கோலை வைத்துக் கொண்டாடுவது இன்னொரு தவறு. 2016 அக்டோபரில் 18 வயது மனுவெல் லொக்கடெல்லி, யுவென்டஸுக்கு எதிராக மிலானுக்கு 1-0 வெற்றி தேடித்தந்த அற்புதமான கோலை அடித்தார். அந்த ஒரு ஷாட்டை வைத்தே மிலானின் எதிர்காலம் என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் சசுவோலோவில் இருந்தார். அங்கேதான், சத்தம் குறைந்த இடத்தில், அவர் உண்மையில் மிட்ஃபீல்டர் ஆனார்.

டொனாலிக்கு இதன் மறுபக்கம் நேர்ந்தது. 2019இல் பிரேஷா சீரி பியை வென்று மேலே வந்தது. அக்டோபரில் இத்தாலி அணிக்காக முதல் ஆட்டம். அதே மாதம் ஜெனோவாவுக்கு எதிராக இடது ஓரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக். கிராஸ் போடுவார் என்று எல்லோரும் காத்திருக்க, பந்து நேராக எதிர்மூலையில் விழுந்தது. ஆட்டத்தை ஜெனோவா 3-1 என வென்றது. பருவ முடிவில் பிரேஷாவும் தரமிறங்கியது. தோற்கும் அணியில் ஆடும் மிட்ஃபீல்டரின் வேலை பாதி நேரம் ஓட்டைகளை அடைப்பதுதான். அந்த ஆண்டை வைத்து அவர் பாஸ்களை எண்ணியவர்கள் தவறான இடத்தில் எண்ணினார்கள்.

2020இல் சிறு வயதிலிருந்து நேசித்த மிலானுக்கே கடனாக வந்தார். கட்டூசோவைத் தொலைபேசியில் அழைத்து, அவர் அணிந்த 8ஆம் எண்ணை அணியலாமா என்று கேட்டுவிட்டே அணிந்தார். முதல் பருவம் சரியாக அமையவில்லை: லீகில் ஒரு கோல்கூட இல்லை, பந்து காலுக்கு வந்தால் தயக்கம், பின்னோக்கிய பாஸ். வீண் செலவு என்று பலர் எழுதினார்கள். 2021 கோடையில் மிலான் பிரேஷாவுடன் விலையைக் குறைத்துப் பேசியது. டொனாலியும் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தங்கினார். அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன். 21 வயதில் அதற்கு நெஞ்சுறுதி வேண்டும்.

அடுத்த பருவத்தில் வேறொருவர் ஆடுவது போல இருந்தது. 2022 ஏப்ரலில் லாசியோவுக்கு எதிராக, 90 நிமிடங்கள் முடிந்தபின் இடைநிறுத்தங்களுக்காகச் சேர்க்கப்பட்ட நேரத்தில் வெற்றி கோல். மே 8, தன் 22ஆவது பிறந்தநாளில், வெரோனாவில் மிலான் முதலில் பின்தங்கியது. ரஃபேல் லியாவ் இடது பக்கம் பாய்ந்து போகும்போதெல்லாம் நடுக்களத்திலிருந்து ஒருவர் கோல் வாய்க்கு ஓடிக்கொண்டிருந்தார். அப்படி ஓடி இரண்டு முறை பந்தை வலைக்குள் தள்ளியவர் டொனாலிதான். மிலான் 3-1 என வென்றது. இரண்டு வாரத்தில் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வந்தது. பிர்லோவை எதிர்பார்த்திருந்தவர்கள் அந்த ஓட்டத்தைக் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒரு தவறு: மைதானத்துக்கு வெளியே இருக்கும் இளைஞனை மறந்துவிடுவது. 2023 கோடையில் இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்புக்குப் போன டொனாலிக்கு, அக்டோபரில் பணம் கட்டிப் பந்தயம் வைப்பது பற்றிய விதிகளை மீறியதற்காகப் பத்து மாதத் தடை விதிக்கப்பட்டது. தண்டனையின் மறுபகுதியாகச் சூதாட்டப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற வேண்டும், இளைஞர்களிடம் சென்று தன் அனுபவத்தைப் பேச வேண்டும் என்றும் இத்தாலியக் கால்பந்துச் சங்கம் நிபந்தனை வைத்தது. பதினேழு வயதில் பெரும் பெயரும் பணமும் வந்து சேரும் பையனுக்கு யார் துணை இருக்கிறார்கள் என்பதும் கால்பந்துக் கேள்விதான். 2024 ஆகஸ்டில் திரும்பிய அவரை, சில மாதங்களில் பயிற்சியாளர் எடி ஹவ் பாதுகாப்பு வரிசைக்கு முன்னே, பிரேஷாவில் தொடங்கிய அதே இடத்தில் நிறுத்தினார். 2025 மார்ச்சில் நியூகாசில் லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலை 2-1 என வென்றபோது, டொனாலி ஆடியது அந்த இடத்தில்தான்.