அம்பாசடரில் அஞ்சு கியர்: டனலை வெட்டுவதற்கு முன்

காவேரிப்பட்டினத்து வாத்தியார் ஒருவர், அப்பா ஓட்டிய மார்க் 3 அம்பாசடரை கிருஷ்ணகிரியில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பெங்களூருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது நாலு கியரில் இன்ஜின் ரொம்பவும் இரைகிறதாம். கான்டெஸாவின் இசுஸூ 1.8 இன்ஜினும் அதன் அஞ்சு கியர் பாக்ஸும் கையில் வைத்திருந்தார். ஸ்டியரிங் பக்கத்திலிருந்த கியர் தண்டு இனி தரைக்கு வரும். அதனால் டனலை, அதாவது கியர் பாக்ஸுக்கு மேலே வண்டித் தரையில் மேடாக ஓடும் தகட்டை, உயர்த்தியே ஆகவேண்டும்.

முதலில் ஆர்டிஓ. இன்ஜின் எண் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, வண்டியை மாற்றுவது பற்றிய பிரிவு 52 இங்கே வரும். எழுத்தில் அனுமதி வரும்வரை நான் ஸ்பேனரைக்கூட எடுப்பதில்லை.

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல வருஷங்களுக்கு முன் ஒரு வண்டியில், தரையை வெட்ட மனம் வராமல் கியர் பாக்ஸின் வாலை ஒரு அங்குலம் இறக்கி மாட்டினேன். தொப்பூர் கணவாயில் அறுபதைத் தாண்டியதும் தரையெல்லாம் அதிர்ந்தது. சில மாதத்தில், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டின் முனையில் வளைந்துகொடுக்கும் ஜாயிண்ட் கிராஸ் போய்விட்டது. டனலுக்காக கியர் பாக்ஸ் வளைந்துகொடுக்கக் கூடாது. கியர் பாக்ஸ் சரியான இடத்தில் உட்காரட்டும், அதற்கேற்ப டனல் மாறட்டும்.

சரியான இடம் எது? வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கவேண்டும். ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் பட்டை வில் இறங்கி, கோணம் பொய் சொல்லும். காந்தம் வைத்த கோணமானியை கியர் பாக்ஸின் பின் ஃபிளேஞ்சிலும் (ஷாஃப்ட் மாட்டும் தட்டு), பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் ஃபிளேஞ்சிலும் வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் 1 முதல் 3 டிகிரி வரை வளைவு இருக்கலாம். இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். உள்ளே பற்சக்கரம் எதுவும் இல்லாத காலி கியர் பாக்ஸ் கூடு கிடைத்தால் தூக்கி இறக்க முதுகு தாங்கும்.

வெட்டும் முன் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் பைப், பிரேக் பைப், வயரிங், தரை விரிப்பு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. டனலும் சேர்ந்துதான் உடம்பைத் தாங்குகிறது. இரண்டு பக்கமும் கதவு நிலைக்குக் குறுக்கே இரும்புக் குழாயைப் பாயிண்ட் (சின்னப் பொட்டு வெல்டிங்) வைத்து நிறுத்தினால், வேலை முடிந்தபிறகு கதவு சாத்தும்போது தட்டாது. முன்சீட்டுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தைத் தொடாதீர்கள். முன்சக்கரத்துக்கு வில்லாக வேலை செய்யும் டார்ஷன் பாரின் பின்முனை அங்கேதான் பிடித்திருக்கிறது.

தேவை என்று நினைப்பதைவிடச் சின்னதாக வெட்டுங்கள். கூட்டை ஏற்றிப் பாருங்கள், இடிக்கும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம். வெட்டிய தகட்டை எறிய வேண்டாம், ஓரங்களின் வளைவு அதில் இருக்கிறது. அப்புறம் அட்டையில் மாதிரி வெட்டி, 18 கேஜ் சிஆர் ஷீட்டில் (பூச்சில்லாத இரும்புத் தகடு) மூடி செய்யுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட் வேண்டாம். அதைப் பற்றவைத்தால் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைத்துவிடும். சுற்றிலும் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறேன். ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த கியர் பாக்ஸ் இழுவையில் புரளும்.

மூடியை முதலில் பாயிண்ட் மட்டும் வைத்து நிறுத்துங்கள். முழு வெல்டிங்கை ஒரே ஓட்டமாக ஓட்டினால் தகடு நெளியும்; இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று சிஓ2 வெல்டிங் செய்யவேண்டும். தண்ணீர் வாளியும் ஒரு ஆளும் பக்கத்தில் இருக்கட்டும். அடியிலும் மேலும் பிரைமர், மூட்டில் சீலர். புரொபெல்லர் ஷாஃப்டைப் புது நீளத்துக்கு வெட்டினால் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

முழு வெல்டிங்குக்கு முன் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கியர் பாக்ஸுக்கும் மூடிக்கும் நடுவே நாலைந்து இடத்தில் சப்பாத்தி மாவை உருட்டி வைப்பேன். கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை மெதுவாக விட்டுப் பிடிப்பேன். பிறகு இறக்கி மாவின் தடிமனைப் பார்ப்பேன். வாத்தியார் வண்டியில் இடது பக்கம் ஒரு உருண்டை 6 மில்லிமீட்டருக்கு நசுங்கியிருந்தது. அந்தப் பக்கத்துப் பாயிண்டுகளை உடைத்து, மூடியை மறுபடி தட்டி வைத்தோம்.